‘கெட்டியாகக் கொடுக்கவும்’ என்ற ஒரு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் கவனித்துக்கொள்வது பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கை கால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, இரத்த அழுத்தம் என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த அந்தக் கட்டுரையில் விழுங்குவதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீர், பால் முதலியவற்றைக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நான் பக்கவாதம் வந்து பிழைத்தவன். அந்தக் கெட்டித் தண்ணீரைத் தினமும் குடிப்பவன். ஓய்வு பெறும்வரை பள்ளியில் வேதியியல் பாடம் நடத்தியவன். அந்த ஒற்றை வாக்கியத்தைக் கொஞ்சம் விரித்து எழுத எனக்கு இடம் தர வேண்டும்.

இதைக் கலக்கிக் கொடுப்பவர்கள் சொல்லும் குறிப்புகள் ஓரளவு கிடைக்கின்றன. குடிப்பவர்கள் சொல்வது அரிது. எங்களில் பலருக்கு வாய் ஒத்துழைக்காது, அல்லது கை ஒத்துழைக்காது, சிலருக்கு நினைவும் ஒத்துழைக்காது. எனக்குக் கை திரும்பிவிட்டது. அதனால் அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகள் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, மறுபடி எப்போது காட்ட வேண்டும், எல்லாம் இருந்தது. குடிப்பதைப் பற்றி மட்டும் ‘கெட்டியாகக் கொடுக்கவும்’ என்று ஒரு வரி. எவ்வளவு கெட்டி? எதைக் கலந்து? எது வரைக்கும்? யார் மறுபடி பார்ப்பார்கள்? ஒன்றுக்கும் பதில் இல்லை. வார்டில் இருந்தபோதே இதன் விளைவைப் பார்த்தேன். காலையில் வரும் நர்ஸ் கலக்கிக் கொடுத்தால் வாயில் வைத்ததும் ஓடிவிடும். இரவு ஷிப்டில் இருப்பவர் கலக்கினால் கரண்டியை நட்டால் நிற்கும். இரண்டு பேரும் அக்கறையானவர்கள். இரண்டு பேரும் ஒரே கேஸ் ஷீட்டைத்தான் பார்த்தார்கள். மாத்திரையில் இப்படி வேளைக்கு ஓர் அளவு கொடுத்திருந்தால் அந்த மருத்துவமனையே கலங்கிப்போயிருக்கும்.

கெட்டி என்பது ஒரு மருந்தளவு. நான் சொல்ல வந்தது இதுதான். அளவு குறைந்தால் ஒரு கெடுதல், கூடினால் வேறொரு கெடுதல். குறைந்தால் வரும் கெடுதல் எல்லோருக்கும் தெரியும். கூடினால் வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஏன் கெட்டியாக்குகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். தொண்டையில் காற்றுக்கும் உணவுக்கும் கொஞ்ச தூரம் ஒரே பாதை. நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பும், அதன் மூடி கவிழும், குரல் நாண்கள் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், உணவுக்குழாயின் வாய் திறக்கும். இத்தனையும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய், கழுத்தில் புற்றுநோய் சிகிச்சை என்று எதனாலாவது இந்த ஒழுங்கு குலைந்தால் மூடி விழுவது தாமதமாகிறது. தண்ணீர் காத்திருக்காது. மூடி விழுவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதைத்தான் புரை ஏறுவது என்கிறோம். கெட்டியான திரவம் மெதுவாக நகரும்; தாமதமாக மூடும் தொண்டைக்கு அந்த அவகாசம் கிடைக்கும். கெட்டியாக்குவதன் நோக்கம் அவ்வளவுதான்.

புரை ஏறினால் இருமல் வருமே, தெரிந்துவிடுமே என்று நினைப்போம். அப்படி இல்லை. வெளியே வந்த பிறகு வேறோர் இடத்தில் விழுங்கும் கோளாறையும் கவனிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். அவர் வீடியோ ஃப்ளூரோஸ்கோபி எடுக்க ஏற்பாடு செய்தார். பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கச் சொல்லி, விழுங்கும்போதே எக்ஸ்ரேயைப் படமாக ஓட்டிப் பார்க்கும் பரிசோதனை அது. முடிந்ததும் அந்தப் படத்தை எனக்கும் போட்டுக் காட்டினார். தண்ணீர் பதத்தில் கொடுத்தது கறுப்புக் கோடாக இறங்கி, ஒரு பகுதி முன்பக்கமாக மூச்சுக்குழாய்க்குள் நழுவியது. அந்த நேரத்தில் நான் இருமவே இல்லை. தொண்டையில் ஒன்றும் உணரவும் இல்லை. “சார், இது சத்தமில்லாமல் போகிறது. இருமல் வரவில்லை என்பதை வைத்து வீட்டில் யாரும் எதையும் முடிவு செய்யக்கூடாது” என்றார் அவர்.

அடுத்து அவர் காட்டியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுத்தது சுத்தமாக உணவுக்குழாய்க்குள் போனது. இன்னும் கெட்டியாக்கிக் கொடுத்தது முழுவதும் இறங்கவில்லை. நாக்கின் வேர்ப்பகுதியிலும் குரல்வளையின் இரண்டு பக்கக் குழிகளிலும் கறுப்பாகத் தேங்கி நின்றது. விழுங்கி முடித்துவிட்டேன் என்று நினைத்து நான் மூச்சை இழுத்தால், தேங்கியது மூச்சோடு உள்ளே போகலாம். பலவீனமான தொண்டைத் தசைக்குக் கெட்டியானதைத் தள்ளி அனுப்ப வலு போதாது. இரவு ஷிப்டில் கரண்டி நிற்கும்படி கலக்கிக் கொடுத்தது எனக்குப் பாதுகாப்பு என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம்.

இந்தப் பரிசோதனை செய்ய முடியாத இடங்களில் மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டுத் தொண்டையை நேரில் பார்க்கும் முறையும் இருக்கிறது. படுக்கையருகிலேயே செய்துவிடலாம். இரண்டில் ஒன்றை எடுக்காமல் காலவரையில்லாமல் ஒருவருக்குத் தண்ணீரை நிறுத்திவைப்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது அளவுக்கு வருகிறேன். முன்பு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார்கள். தேன் பதம் என்பார்கள். எந்தத் தேன்? குளிர்ந்த தேனா, வெயிலில் இருந்த தேனா? இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2013-ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து ஐ.டி.டி.எஸ்.ஐ. (விழுங்கும் கோளாறு உள்ளவர்களின் உணவைத் தரப்படுத்தும் சர்வதேச முயற்சி) என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். 2015-ல் அவர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். 0 என்றால் சாதாரணத் தண்ணீர். 1 மிக லேசான கெட்டி, 2 லேசான கெட்டி, 3 நடுத்தரம், 4 மிகக் கெட்டி. அதற்கு மேல் 7 வரை திட உணவுக்கானவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் உண்டு. எண் மட்டும் நினைவிருந்தால் போதும். இந்த அளவுகோலைப் பின்பற்றும் இடம் எதுவானாலும் அதே எண்தான்.

அளவுகோல் மட்டும் இருந்து அளக்க வழியில்லாவிட்டால் என்ன பயன் என்று ஓர் ஆசிரியனாக முதலில் கேட்டேன். வழி மிக எளிது. பத்து மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும். ஊசி தேவையில்லை. உள்ளே தள்ளும் தண்டை உருவிவிட்டு, கீழ் மூக்கை விரலால் அடைத்துப் பிடித்துக்கொண்டு, கலக்கிய திரவத்தைப் பத்து மில்லி கோடு வரை ஊற்ற வேண்டும். விரலை எடுத்துப் பத்து நொடி ஓடவிட்டு, மறுபடி அடைக்க வேண்டும். உள்ளே மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் நிலை தெரிந்துவிடும். ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சவில்லை, அதாவது 1 மில்லிக்கும் குறைவு என்றால் நிலை 0. 1 முதல் 4 மில்லி வரை மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை என்றால் நிலை 2. 8-க்கு மேல் மிஞ்சி, ஆனால் கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் நிலை 3. ஒரு சொட்டுகூட இறங்காமல் பத்தும் அப்படியே நின்றால் நிலை 4. அதற்குச் சிரிஞ்சை விட்டுவிட்டு முள்கரண்டியிலும் ஸ்பூனிலும் சோதிக்க வேண்டும். முள்கரண்டியில் எடுத்தால் மேலே குவிந்து நிற்க வேண்டும், ஸ்பூனைச் சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாக விழ வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா பத்து மில்லி சிரிஞ்சும் ஒரே உருவம் அல்ல. பூஜ்யக் கோட்டிலிருந்து பத்தாம் கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும் சிரிஞ்சைத்தான் இந்தச் சோதனைக்குச் சொல்கிறார்கள். கட்டையாகவும் பருமனாகவும் இருக்கும் சிரிஞ்சில் அளந்தால் விடை மாறிவிடும். வாங்கியதும் ஸ்கேலை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்கப்போகும் சூட்டிலேயே சோதிப்பதும் அவசியம். சூடாக இருக்கும்போது ஓடுவது ஆறினால் ஓடாது.

என் மனைவிக்கு இந்தச் சோதனை இப்போது கைவந்த கலை. புது டப்பா பவுடர் பிரித்தால் முதல் டம்ளரைச் சோதிக்காமல் தரமாட்டாள். “என்னங்க, மூணு மில்லி நிக்குது, குடிக்கலாம்” என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டுவாள். ஒரு எண்ணைக் கேட்ட பிறகு எனக்கும் குடிப்பதில் பயம் குறைந்தது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கெட்டியாக்கும் பவுடர் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பக்குவப்படுத்திய மாவுச்சத்து, அதாவது ஸ்டார்ச். மற்றொன்று சாந்தன் கம் என்ற பசைப்பொருள். ஒருவகை பாக்டீரியாவைச் சர்க்கரையில் நொதிக்கவிட்டு எடுப்பது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டும் வெள்ளைப் பவுடர்தான். வாய்க்குள் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

மாவுச்சத்துக் கரைசலில் அயோடின் விட்டால் கருநீலமாகும். அதில் எச்சிலைச் சேர்த்து வெதுவெதுப்பாக வைத்தால் சிறிது நேரத்தில் அந்த நீலம் வராமல் போகும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிவிடுகிறது. வருடா வருடம் மாணவர்களைச் செய்ய வைத்த பரிசோதனை இது. ஸ்டார்ச் பவுடர் கலந்த தண்ணீரில் நடப்பதும் இதேதான். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குகிறவர்களுக்கு, விழுங்குவதற்குள்ளேயே அது இளகத் தொடங்கிவிடும். அதைவிட மோசமான இடம் டம்ளர். ஸ்பூனால் ஒரு வாய் ஊட்டி, அதே ஸ்பூனை மறுபடி டம்ளருக்குள் விட்டால் எச்சில் உள்ளே போகிறது. மெதுவாகக் குடிக்கிறவருக்கு டம்ளரின் பாதியைத் தாண்டும்போது முதலில் இருந்த பதம் இருக்காது. அடியில் இருப்பது ஏறத்தாழ தண்ணீராகியிருக்கும். அந்தக் கடைசி வாயில்தான் புரை ஏறும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஏன் என்றே புரியாது. முதல் வாய் நன்றாகத்தானே போனது என்பார்கள்.

எச்சில் படாமல் வைத்திருந்தால் ஸ்டார்ச் எதிர்ப்பக்கம் போகும். அதன் மணிகள் தொடர்ந்து நீரை உறிஞ்சி ஊதும். இப்போது நிலை 2-ல் கலக்கியதை ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 3-ஐத் தொட்டிருக்கலாம்.

சாந்தன் கம்மை அமைலேஸால் வெட்ட முடியாது. எச்சில் பட்டாலும் பதம் பெரிதாக மாறாது, தண்ணீரில் கலந்தால் ஓரளவு தெளிவாகவே இருக்கும், கொஞ்சம் போட்டாலே போதும். அதற்கும் ஒரு குணம் உண்டு: கலக்கும்போது இளகும், கலக்குவதை நிறுத்தினால் மறுபடி கெட்டிப்படும். கலக்கிய கையோடு சோதிக்காமல் டப்பாவில் சொன்ன நேரம் வரை பொறுக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், மெதுவாகக் குடிக்கிறவர்களுக்கும் ஸ்பூனால் ஊட்டப்படுகிறவர்களுக்கும் சாந்தன் கம்தான் சரி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஸ்டார்ச் என்பது மாவுச்சத்து என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாள் முழுக்கக் குடிப்பதெல்லாம் அதில் கலந்ததாக இருந்தால் அளவு கொஞ்சமாக இருக்காது.

கலக்குவதில் பெரிய ரகசியம் இல்லை. ஒரு தயாரிப்பின் ஸ்கூப் மற்றொன்றுக்கு ஆகாது. தலைதட்டி அளக்க வேண்டும். பால் கெட்டிப்படத் தண்ணீரைவிட அதிக நேரம் பிடிக்கும். இன்னும் கெட்டியாகவில்லையே என்று அவசரப்பட்டு மேலும் பவுடர் போட்டால் பிறகு களியாகிவிடும். ஏற்கனவே கெட்டியானதில் பவுடரைத் தூவினால் கட்டி கட்டியாகத் திரளும். அந்தக் கட்டியே தொண்டையை அடைக்கும். பதம் தவறினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குவதே மேல். சோடா போன்றவற்றில் வாயுவை முதலில் வெளியேற்றாமல் பவுடர் போட்டால் பொங்கி வழியும். ஐஸ்கட்டியும் ஐஸ்கிரீமும் கையில் திடமாக இருந்தாலும் வாயில் தண்ணீர்தான். தண்ணீர் கூடாது என்று சொல்லப்பட்டவருக்கு அவையும் கூடாது.

குடிக்கும் முறைக்கும் பாதிப் பங்கு உண்டு. நிமிர்ந்து உட்கார வேண்டும். படுக்கையில் தலையணையை உயர்த்தி வைப்பது உட்காருவது ஆகாது. சின்ன வாயாக எடுத்து, விழுங்கி, தேவைப்பட்டால் வெறுமனே இன்னொரு முறை விழுங்க வேண்டும். நான் விழுங்கும் நேரத்தில் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். குடித்த பிறகு அரை மணி நேரம் சாயக்கூடாது. குடித்ததும் குரலில் ஈரம் கலந்தது போல் களகளவென்று கேட்டால் ஏதோ தேங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது மேற்கொண்டு கொடுக்கக்கூடாது.

இனிச் சொல்லப்போவது குடிப்பவனாக எனக்கு மட்டும் தெரிந்தது. கெட்டித் தண்ணீர் தாகத்தைத் தீர்ப்பதில்லை. உடலுக்குள் போன பிறகு அதிலுள்ள நீர் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிடுகிறது; அதில் குறை இல்லை. ஆனால் வாய்க்கு அது தண்ணீராகத் தெரிவதில்லை. நாக்கிலும் மேலண்ணத்திலும் ஒரு படலம் போலப் படிந்து நிற்கிறது. காப்பியின் கசப்பு தூரத்தில் இருப்பது போல மங்கிக் கேட்கும், இனிப்பும் அப்படியே. இரண்டு வாய் குடித்ததும் வயிறு நிறைந்த மாதிரி ஆகிவிடும். “இன்னும் கொஞ்சம் குடிங்க” என்று நாள் முழுக்கச் சொல்லும் குரலுக்கு, வேண்டாம் என்று தலையசைப்பது பிடிவாதத்தால் அல்ல. முடிவதில்லை, அவ்வளவுதான்.

இதனால் நடப்பது என்ன? குடிப்பது குறைகிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகிறது, மலச்சிக்கல் வருகிறது, சோர்வு வருகிறது, வயதானவர்களுக்குக் குழப்பமும் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு நோய் முற்றிவிட்டது என்று நினைக்கிற வீடுகள் உண்டு. காய்ந்துபோன உடம்பு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கெட்டியாக்கிக் கொடுக்கும் வீட்டில், பவுடர் எத்தனை ஸ்கூப் என்பதைப் போலவே நாளைக்கு மொத்தம் எத்தனை டம்ளர் உள்ளே போனது என்பதும் எழுதப்பட வேண்டும். எங்கள் வீட்டில் காலண்டர் தாளின் ஓரத்தில் கோடு போடுகிறார்கள். கலக்கிக் கொடுப்பவர்கள் ஒரே ஒரு முறையாவது ஒரு முழு டம்ளரைத் தாங்களே குடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். என் மகன் குடித்துப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் என்னைக் கட்டாயப்படுத்துவதில்லை. அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன டம்ளரில், நன்றாகக் குளிரவைத்து, அடிக்கடி கொண்டுவருகிறான். அப்படித்தான் அதிகமாக உள்ளே போகிறது.

கெட்டியாக்குவது எல்லோருக்கும் எப்போதும் பலன் தருகிறதா என்பதிலும் மருத்துவ உலகம் ஒரே முடிவில் இல்லை. பார்க்கின்சன் நோயோ மறதி நோயோ உள்ள 515 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. தாடையை மார்பை நோக்கித் தாழ்த்திச் சாதாரணத் திரவத்தைக் குடித்தவர்களையும், கெட்டியாக்கிக் குடித்தவர்களையும் மூன்று மாதம் கவனித்தார்கள். நிமோனியா என்ற நுரையீரல் அழற்சி வந்ததில் இரண்டு தரப்புக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கெட்டியாகக் குடித்தவர்களிடம் நீர்ச்சத்துக் குறைவு கூடுதலாகக் காணப்பட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே பவுடரை நிறுத்திவிடக்கூடாது. என் தொண்டையில் தண்ணீர் போன பாதையை நானே கண்ணால் பார்த்தவன். ஆனால் ஒருவருக்கு இது வேண்டுமா, எவ்வளவு, எது வரைக்கும் என்பதை அவரவர் தொண்டையைப் பார்த்து முடிவு செய்யவேண்டும் என்பதற்கு இந்த ஆய்வே போதும்.

வாய் சுத்தம் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் குறைபட்டுப் போகும். நுரையீரலுக்குள் தண்ணீர் தனியாகப் போவதில்லை, வாயிலுள்ள கிருமிகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. முதியவர்களிடம் நடத்தி 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நிமோனியாவுக்கு விழுங்கும் கோளாறு மட்டும் காரணமாகிவிடுவதில்லை என்றும், மற்றவர் ஊட்டிச் சாப்பிடும் நிலை, வாய் சுத்தத்துக்குப் பிறரை நம்பியிருக்கும் நிலை, சொத்தைப் பற்கள் ஆகியவை பெரிய பங்கு வகிக்கின்றன என்றும் கண்டார்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரிலுள்ள ஃப்ரேசியர் மறுவாழ்வு மையத்தில் 1984-லிருந்து ஒரு முறையைப் பின்பற்றுகிறார்கள். வாயை நன்றாகச் சுத்தம் செய்த பிறகு, சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்து, உணவு வேளைகளுக்கு இடையில் சாதாரணத் தண்ணீரை மட்டும் குடிக்க அனுமதிக்கிறார்கள். சுத்தமான வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தவறிப் போனாலும் நுரையீரல் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை. எல்லோருக்கும் இது பொருந்தாது. நுரையீரல் ஏற்கனவே பலவீனமானவர்களுக்கும், குடித்ததும் திணறுகிறவர்களுக்கும் ஆபத்து. ஆகவே தானாக முயலக்கூடாது. ஆனால் “எனக்கு இது பொருந்துமா?” என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. நான் கேட்டேன். வீட்டில் பல் துலக்குவது ஒழுங்குக்கு வந்ததே அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

மருந்து விஷயத்தில் இரண்டு செய்திகள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மேக்ரோகோல் என்ற பவுடரை ஸ்டார்ச் கலந்து கெட்டியாக்கிய திரவத்தில் சேர்த்தால் கெட்டி முழுக்க இளகித் தண்ணீராகிவிடும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. நீர் குறைந்து மலச்சிக்கல் வருவதும், அதற்கு இந்த மருந்தை எழுதுவதும் சகஜம் என்பதால் இது நடக்க வாய்ப்பு மிக அதிகம். அடுத்தது, விழுங்க முடியவில்லை என்று எல்லா மாத்திரையையும் பொடித்துக் கலக்கக்கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். மருந்தாளரிடம் கேட்டால் எதைப் பொடிக்கலாம், எது திரவமாகவே கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்.

டப்பாவை நோயாளியின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்தவர் அருகில் வைத்திருந்த பவுடரை அப்படியே வாயில் போட்டு, அது தொண்டைக்குள் ஊறி அடைத்து இறந்துபோனார்; அதையொட்டி இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2015-ல் எல்லா இடங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. மறதி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைப் பூட்டியே வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு, குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, மருத்துவர் சொல்லாமல் இந்தப் பவுடரைத் தொடவே கூடாது. சாந்தன் கம் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் சிலருக்குக் கடுமையான குடல் அழற்சி வந்ததால் அமெரிக்க அரசு 2011-ல் எச்சரித்திருக்கிறது.

பக்கவாதத்தில் விழுங்கும் கோளாறு பலருக்குச் சில வாரங்களில் தானாகவே சீராகத் தொடங்குகிறது என்பதையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். என் தெரபிஸ்ட் முதல் நாளே மறுபரிசோதனைக்குத் தேதி எழுதிவிட்டார். அந்தத் தேதியில் மறுபடி படம் எடுத்தபோது நிலை 2-லிருந்து நிலை 1-க்கு இறங்கினேன். அந்தத் தேதி எழுதப்படாமல் இருந்திருந்தால் இன்றும் நிலை 2-ஐயே குடித்துக்கொண்டிருப்பேன்; யாரும் தவறாகவும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு முறை சொன்னதை வருடக்கணக்கில் தொடர்ந்துகொண்டிருக்கும் பெரியவர்களைப் பயிற்சிக்குப் போகும் இடத்தில் நான் சந்தித்திருக்கிறேன்.

ஆகவே மருத்துவமனைகளை நான் கேட்பது அதிகம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைக்கு எழுதுவது போலவே இதற்கும் எழுதுங்கள்: நிலை எண், எந்த வகைப் பவுடர், எந்தப் பரிசோதனையின் அடிப்படையில், மறுபரிசோதனை என்றைக்கு. கூடவே அந்தச் சிரிஞ்ச் சோதனையை வீட்டிலிருந்து வந்திருப்பவரை ஒருமுறை கையால் செய்ய வைத்து அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலை.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது ஒன்று உண்டு. தங்கள் மருத்துவப் பக்கத்தில் அந்தச் சிரிஞ்சின் படத்தைப் பெரிதாக வரைந்து, 1, 4, 8, 10 மில்லி கோடுகளையும் அவற்றுக்குரிய நிலை எண்களையும் குறித்து, கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி வெளியிட முடியுமா? எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். கலக்கிக் கொடுப்பவர்களில் பலர் என் மனைவியைப் போலக் கண்ணாடி போட்டவர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், தங்கள் நெடுநாள் வாசகர்